சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்

மேட்டு நிலத்தில் வீடு கட்டும் சகோதரிகள் அறிந்திருக்க வேண்டியவை

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வழியில் உள்ளது மஹய்யாவ. மாத்தளைக்குச் செல்லும் ரயில் பாதையும், நகரின் பொது மயானமும், மாநகர சபையின் சுகாதாரத் தொழிலாளர்கள் பரம்பரையாக வாழ்ந்துவரும் குடியிருப்புகளும் இங்குதான் இருக்கின்றன. இடம் சிறிது. மனிதர்கள் அதிகம். ஒரு வீட்டின் கூரை மட்டத்தில் அடுத்த வீட்டின் முற்றம் இருக்கும். இரண்டு, மூன்று பேர்ச் நிலத்தில் பக்கவாட்டில் அறை கூட்ட முடியாது. ஆகவே, மேலே ஒரு தட்டைப் போடுவார்கள். அல்லது சரிவை வெட்டிக் கீழே ஓர் அறையை இறக்குவார்கள். அந்தக் கீழ் அறையைப் பற்றித்தான் இக்கட்டுரை.

எமது பெண்கள் குழுவைச் சேர்ந்த ஒரு அக்காவின் வீட்டுக்கு நான் முதன்முதலில் சென்றது ஒரு ஐப்பசி மழை நாளில். அவருடைய பெற்றோர் 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குச் சென்றவர்கள். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் திருமணம் முடித்ததும் கிளிநொச்சிப் பக்கத்தில். 2009இல் யுத்தம் முடிந்தபோது கணவர் அவருடன் இருக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுடன் முகாமிலிருந்து வெளியே வந்தவருக்கு மஹய்யாவவில் இருந்த பெரியம்மாதான் கை கொடுத்தார். பெரியம்மா வீட்டுக்குக் கீழே சரிவில் கிடந்த துண்டு நிலத்தில் அக்கா தன் வீட்டைக் கட்டினார். மேலே குடும்பம் வசிக்க ஒரு அறையும் சமையலறையும். அதற்குக் கீழே, மண்ணை வெட்டி இறக்கிய ஓர் அறை. அதை வாடகைக்குக் கொடுத்தால் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்பது அவருடைய கணக்கு.

கணக்கில் பிழை இல்லை. சுவரில்தான் பிழை இருந்தது. நான் போன அன்று வாடகைக்கு இருந்த இரண்டு மாணவிகளும் பெட்டி படுக்கையுடன் கிளம்பிக்கொண்டிருந்தனர். பின் சுவர் முழுவதும் கறுப்புப் பூஞ்சணம். சுவரும் நிலமும் சேரும் இடத்தில் தண்ணீர் ஊறி, அறையின் நடுவரைக்கும் வந்திருந்தது. அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கவில்லை.

"மிஸ், பங்கருக்குள்ள தண்ணி வந்தா வெளியில ஓட ஏலாது. மேல ஷெல் விழும். முழங்கால் தண்ணியில பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்டிருக்கிறன். இப்ப ஷெல் இல்ல. ஆனா இந்த அறைக்குள்ள இறங்க எனக்குக் கால் வருதில்ல" என்றார்.

நிலத்துக்குக் கீழே, ஈர மண் வாசனையில், பக்கச் சுவரிலிருந்து நீர் ஊறும் ஓர் அறை எம்மில் பலருக்கு எதை நினைவூட்டும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் அக்காவின் பயத்தில் இன்னொரு நியாயமும் இருந்தது. அந்தச் சுவர் உண்மையிலேயே ஆபத்தான நிலையில் இருந்தது என்பதைப் பின்னர்தான் நாம் அறிந்துகொண்டோம்.

நான் சமூகவியல் படித்தவள், பொறியியலாளர் அல்ல. அக்காவுக்காக ஒரு பொறியியலாளரையும் அனுபவமுள்ள ஒரு மேசன் பாஸையும் அழைத்துச் சென்று, அவர்கள் சொன்னதைக் கேட்டு, செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். மேட்டு நிலத்தில் வீடு கட்டும் எந்தச் சகோதரிக்கும் இது பயன்படும்.

தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது?

சமவெளியில் கட்டிய வீட்டுக்கு மழை மேலேயிருந்துதான் வரும். சரிவை வெட்டிக் கட்டிய வீட்டுக்கோ மழை பக்கத்திலிருந்தும் கீழேயிருந்தும் வரும். மேட்டில் பெய்யும் மழையில் ஒரு பகுதி நிலத்தின் மேல் ஓடுகிறது. மறு பகுதி மண்ணுக்குள் இறங்கி, சரிவு வழியே மெதுவாகக் கீழ்நோக்கி நகர்கிறது. அந்த வழியில் உங்கள் சுவர் குறுக்கே நின்றால் நீர் அதன் பின்னால் தேங்கி நிற்கும்.

தேங்கிய நீர் சும்மா நிற்பதில்லை, தள்ளுகிறது. ஒரு கன மீற்றர் நீரின் எடை 1,000 கிலோ. எட்டடி உயரமான சுவருக்குப் பின்னால் நீர் உச்சி வரை நிரம்பினால், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தின் மீதும் ஏறக்குறைய மூன்று தொன் அழுத்தம் விழும். பன்னிரண்டு அடி நீளமான சுவர் என்றால் பத்துத் தொன்னுக்கு மேல். இது நீரின் தள்ளுதல் மட்டுமே. மண்ணின் தள்ளுதல் வேறு.

ஆகவே சுவரில் தெரியும் ஈரத்தை வெறும் அழகுக் குறைபாடாக எண்ணிப் பெயின்ற் பூசி மறைக்கக் கூடாது. சுவருக்குப் பின்னால் எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்பதை அந்த ஈரம்தான் எமக்குச் சொல்கிறது.

எல்லா ஈரமும் ஒரே வகையானது அல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. காற்றோட்டமில்லாத அறையில் சமைத்தாலோ துணி காயப்போட்டாலோ, குளிர்ந்த சுவரில் நீர்த்துளிகள் படியும். இதைத்தான் 'சுவர் வியர்க்குது' என்கிறோம். எது வியர்வை, எது கசிவு என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. இரண்டடிச் சதுரமான பொலித்தீன் துண்டொன்றை, சுவரைத் துடைத்த பின், நான்கு ஓரங்களிலும் காற்றுப் புகாதபடி ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் வெளிப்பக்கம், அதாவது அறைப் பக்கம், நனைந்திருந்தால் அது வியர்வை. யன்னல் திறந்து காற்றோட்டம் கொடுத்தால் குறையும். உட்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம், நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்தே வருகிறது.

அக்காவின் வீட்டில் நடந்தது என்ன?

பொறியியலாளர் அறைக்குள் இறங்கும் முன் மேலே பெரியம்மாவின் முற்றத்துக்கு ஏறினார். அங்கேதான் விடை இருந்தது. பெரியம்மாவின் கூரைத் தண்ணீர் பீலி இல்லாமல் நேரே அக்காவின் சுவருக்குப் பின்னால் உள்ள மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. சமையலறைக் கழிவு நீரும் அதே இடத்தில்தான். ஆண்டுக்கணக்காக அப்படித்தான் விழுந்தது. முன்பு அது சரிவில் ஓடிப் போயிற்று. இப்போது அக்காவின் சுவர் தடுத்து நிறுத்தியது.

இரண்டாவது குறை சுவரிலேயே இருந்தது. மேசன் ஆறு அங்குல புளொக் கல்லால் சுவரைக் கட்டி, வெட்டிய மண்ணோடு ஒட்டவைத்திருந்தார். வெளிப்பக்கம் பூச்சு இல்லை. நீர் வடிய வழி இல்லை. கம்பி இல்லை. புளொக் கல்லின் உள்ளே வெற்றிடம் இருப்பதால் நீர் அதற்குள் நிரம்பி நின்றது. இத்தகைய சுவர் எட்டடி மண்ணைத் தாங்குவதற்குக் கட்டப்படுவதல்ல. நடுப் பகுதியில் கிடையாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அக்கா அதைப் பூச்சு வெடிப்பு என்று எண்ணியிருந்தார். "சுவர் உள்ளே வயிறு தள்ளுது அம்மா. இந்த அறையில் யாரையும் படுக்க வைக்காதீங்க" என்று பொறியியலாளர் உடனே சொன்னார்.

ஹாட்வெயார் கடையொன்றில் ஏற்கெனவே அக்காவுக்கு ஒரு வாளி விலையுயர்ந்த 'வோட்டர் புறூவ்' பெயின்ற் விற்றிருந்தார்கள். காப்பை அடகு வைத்து வாங்கியது. உட்பக்கத்தில் பூசினார். ஒரு மழைக்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்துவிட்டது. பின்னாலிருந்து தள்ளும் நீரை முன்னால் பூசும் சாதாரணப் பெயின்ற் தாங்காது. பணம் போன பின்புதான் இது அவருக்குத் தெரியவந்தது. உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

முதல் விதி: வழி விடு, பிறகு தடு

தோட்டத்தில் வேலை செய்த எமது தாய்மார் அறிந்த விதிதான் இது. தேயிலை மலையில் கான் வெட்டுவது எதற்காக? மழையைத் தடுக்க அல்ல. மழை மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் அதற்கு ஒரு வழி விடுவதற்காக. வீட்டுக்கும் அதேதான். நீருக்குப் போக வழி விட்டால், தடுக்க வேண்டிய நீர் கொஞ்சமே மிஞ்சும். வழி விடாமல் எத்தனை பூச்சுப் பூசினாலும் நீர் ஒரு நாள் இடைவெளியைக் கண்டுபிடித்துவிடும்.

புதிதாகக் கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியவை

1. அனுமதியும் ஆலோசனையும். கண்டி போன்ற மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில், சரிவில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெற வேண்டும். உள்ளூராட்சிச் சபையின் கட்டட அனுமதியும் அவசியம். 'சின்ன அறைதானே' என்று விட்டுவிடாதீர்கள். மண்ணை வெட்டும் உயரம் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. 2020 செப்டெம்பர் 20 அன்று கண்டி பூவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடமொன்று இடிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்து, ஒரு தாயும் தந்தையும் அவர்களுடைய கைக்குழந்தையும் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். சரிவில் ஒருவர் கட்டுவது அவருடைய வீட்டுக் காரியம் மட்டுமல்ல.

2. காலம். கண்டியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை அதிகம். தை முதல் பங்குனி வரை ஒப்பீட்டளவில் காய்ந்த காலம். மண் வெட்டும் வேலையையும் பின் சுவர் வேலையையும் இந்த மாதங்களுக்குள் முடிக்கத் திட்டமிடுங்கள். வெட்டிய மண்ணை மழைக்காலம் முழுவதும் சுவரில்லாமல் திறந்து விடுவது மிக ஆபத்தானது.

3. நிலம். அறையின் தரைக்குக் கீழே சல்லிக்கல் பரப்பி இறுக்கி, அதன் மேல் இரண்டு மூன்று அங்குலம் மெல்லிய கொங்கிறீட் போட்டு, அதன் மேல் தடித்த (1,000 கேஜ்) பொலித்தீனை விரிக்க வேண்டும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஓரடியாவது ஏறியிருக்க வேண்டும். கிழிந்தால் ஒட்டு. அதன் மேல்தான் கம்பி கட்டித் தரைக் கொங்கிறீட்.

4. மண் பக்கச் சுவர். மண்ணைத் தாங்கும் சுவர் கம்பி கட்டிய கொங்கிறீட்டாக இருப்பது நல்லது. கம்பியின் அளவையும் சுவரின் தடிப்பையும் பொறியியலாளர் சொல்ல வேண்டும். அதை மேசன் கண்ணளவில் முடிவு செய்யக் கூடாது. வீடுகளுக்கு வழக்கமான கலவை ஒரு பங்கு சீமெந்து, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு சல்லி. இதில் பெரும்பாலும் பிழைப்பது தண்ணீர்தான். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்கு 25 லீற்றருக்கு மேல் நீர் சேரக் கூடாது. மணல் நனைந்திருந்தால் அதற்கும் குறைவு. கொங்கிறீட்டைக் கொட்ட இலகு என்று வாளி வாளியாக நீரை ஊற்றுவார்கள். அந்த மேலதிக நீர் காய்ந்து போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாகி, பின்னர் மழை நீருக்குப் பாதையாகும்.

5. மூட்டு. தரைக் கொங்கிறீட்டை ஒரு நாளும் சுவரை இன்னொரு நாளும் போடுவதால் இரண்டும் சேரும் இடம் பலவீனமானது. கீழ் அறைகளில் பெரும்பாலும் நீர் வருவது இந்த மூட்டால்தான். இந்த இடத்தில் வைப்பதற்கென்றே 'வோட்டர் பார்' எனப்படும் பீ.வி.சி. பட்டியும், ஈரம் பட்டால் வீங்கி இடைவெளியை அடைக்கும் பட்டியும் கிடைக்கின்றன. செலவு அதிகமில்லை. பிறகு நினைத்தாலும் வைக்க முடியாது.

6. நீர் ஊற்றிப் பதப்படுத்தல். கொங்கிறீட்டைக் குறைந்தது ஏழு நாட்களுக்கு நனைத்த சாக்கால் மூடி ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கும் இந்த வேலையை நாமே செய்யலாம். கூலி இல்லாத இந்த வேலைதான் சுவரின் பலத்தில் பாதியைத் தீர்மானிக்கிறது என்றால் மிகையில்லை.

7. வெளிப்பக்கப் பூச்சு. நீர்த் தடுப்பு நீர் வரும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும், அதாவது மண் பக்கத்தில். பலகை கட்டிய கம்பித் துளைகளை அடைத்து, சுவரைச் சுத்தம் செய்து, சீமெந்து வகை நீர்த்தடுப்புப் பூச்சையோ தார் வகைப் பூச்சையோ இரண்டு தடவை பூச வேண்டும். முதல் தடவை மேலிருந்து கீழாக, அது காய்ந்த பின் இரண்டாம் தடவை பக்கவாட்டில். மண் போடும்போது கல் பட்டுக் கீறாமலிருக்க அதன் மேல் ஒரு காப்பும் வேண்டும்.

8. வடிகால். சுவரின் அடியில், அறைத் தரை மட்டத்துக்குக் கீழே, நான்கு அங்குலத் துளைக் குழாயைத் துளைகள் கீழ் நோக்கியிருக்க வைக்க வேண்டும். நூறடிக்கு ஓரடி சரிவு போதும். குழாயைச் சுற்றியும், சுவர் நெடுகிலும் ஓரடி அகலத்துக்கும் சல்லி நிரப்பி, 'ஜியோ ரெக்ஸ்ரைல்' எனப்படும் வடிதுணியால் மூட வேண்டும். துணி இல்லாவிட்டால் ஓரிரு வருடங்களில் சேறு புகுந்து சல்லி அடைபட்டுவிடும். குழாயின் வாய் வெளிச்சத்தில் திறந்து, பொதுக் கானில் விழ வேண்டும். பக்கத்து வீட்டு முற்றத்தில் அல்ல. சல்லியின் மேல், கடைசி ஓரடிக்குக் களிமண்ணை இறுக்கி, அதன் மேல் கொங்கிறீட் கான் அமைத்தால் மேல் நீர் உள்ளே இறங்காது.

9. மண் நிரப்பல். மேல் தட்டுச் சிலாப் போட்டு அது இறுகும் முன் சுவருக்குப் பின்னால் மண்ணைக் கொட்டக் கூடாது. மேல் பக்கம் பிடிப்பில்லாத சுவர் சாய்ந்துவிடலாம். பொறியியலாளர் சொல்லும் நாளில், சிறிது சிறிதாக நிரப்ப வேண்டும்.

10. கூரை நீரும் கழிவு நீரும். பீலி போட்டு, குழாயால் கானுக்குக் கொண்டு செல்லுங்கள். மலக்குழியும் ஊறல் குழியும் அந்தச் சுவருக்கு மேட்டில் இருக்கவே கூடாது. நீரும் வரும், நோயும் வரும்.

மேசனோடு பேசுவது எப்படி?

வீட்டில் ஆண் துணை இல்லாத பெண் கட்டட வேலை செய்விக்கும்போது, "தங்கச்சி, இதெல்லாம் உங்களுக்கு விளங்காது" என்ற வார்த்தையை ஒரு நாளாவது கேட்க வேண்டியுள்ளது. அக்காவும் கேட்டார். வெளிப்பூச்சு வேண்டாமா என்று அவர் கேட்டபோது, "மண்ணுக்குள்ள போற பக்கத்துக்கு எதுக்கு அம்மா பூச்சு, யார் பார்க்கப் போறாங்க?" என்று முதலாவது மேசன் சிரித்திருக்கிறார். அக்கா மேலே பேசவில்லை. அந்தச் சிரிப்புத்தான் பின்னர் அவருக்கு இரண்டு வருட வாடகைப் பணத்தைச் செலவாக்கியது.

யுத்தத்தின் பின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய உதவி வீட்டுத் திட்டத்தில், உரிமையாளரே கட்டும் முறையில் வீடு பெற்ற சகோதரிகள் பலர் எம் மத்தியில் இருக்கின்றனர். 2012இல் தொடங்கிய அந்தக் கட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டது. அது முழுவதும் ஒரே தடவையில் கையில் வரவில்லை. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை முடிய முடியக் கட்டங்கட்டமாக வந்தது. அந்தப் பணத்தில் வீட்டை முடிக்கப் பட்ட பாடு வேறு கதை. ஆனால் அந்த முறையில் ஒரு பாடம் உண்டு. வேலையைப் பார்த்த பின் பணம். நாமும் மேசனுக்கு அப்படியே கொடுக்கலாம்.

ஒரு கொப்பியில் எழுதி இரு பக்கமும் கையொப்பமிட்டு, பின்வரும் இடங்களில் வேலையை நிறுத்திப் பார்வையிட்ட பின்பே அடுத்த பணம் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்:

- பொலித்தீன் விரித்த பின், கொங்கிறீட் போடும் முன்.
- கம்பி கட்டி, மூட்டுப் பட்டி வைத்த பின், பலகை அடிக்கும் முன்.
- வெளிப்பூச்சு இரண்டு தடவையும் காய்ந்த பின், சல்லி நிரப்பும் முன்.
- துளைக் குழாயில் ஒரு வாளி நீரை ஊற்றி, அது மறுமுனையில் வெளியே வருவதைக் கண்ட பின், மண் மூடும் முன்.

ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். மண்ணால் மூடிய பின் சண்டை பிடித்துப் பயனில்லை. முடிந்தால் குழுவிலுள்ள இன்னொரு சகோதரியையும் அந்த நாட்களில் கூட நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு பெண்கள் கொப்பியும் அளவு நாடாவும் வைத்துக்கொண்டு நின்றால் பேச்சின் தொனி மாறுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நல்ல மேசன்மாருக்கு இது அவமானமாகத் தெரியாது. தங்கள் வேலையைக் காட்ட அவர்கள் விரும்புவார்கள்.

கட்டி முடித்த வீடு என்றால்?

அக்காவின் நிலை இதுதான். வெளியே தோண்டிப் பூச முடியாது. மேலே பெரியம்மாவின் வீடு நிற்கிறது. அதன் அத்திவாரத்துக்குப் பக்கத்தில் தோண்டினால் இரண்டு வீடும் போகும். ஆகவே பொறியியலாளர் வேலையை மூன்றாகப் பிரித்தார்.

முதலாவது, மேட்டு நீர். பெரியம்மாவின் கூரைக்குப் பீலி, சமையலறைக் கழிவு நீருக்குக் குழாய், முற்றத்தின் விளிம்பில் கொங்கிறீட் கான். பெரியம்மா முதலில் கோபித்துக்கொண்டார். "முப்பது வருசமா இந்தத் தண்ணி இப்படித்தான் போகுது, யாருக்கும் கரைச்சல் இல்ல" என்றார். உறவுக்குள் இந்தப் பேச்சு எவ்வளவு கஷ்டம் என்பது எமக்குத் தெரியும். இடம் கொடுத்தவரிடமே குறை சொல்வது போலாகிவிடும். கடைசியில் சுவரின் வெடிப்பைக் கீழே இறங்கி வந்து தன் கையால் தடவிப் பார்த்த பின்புதான் அவர் சம்மதித்தார். இந்தச் சுவர் போனால் தன் முற்றமும் போகும் என்று அவருக்கு விளங்கியது. பீலிச் செலவில் பாதியை அவரே ஏற்றார். இந்த வேலை முடிந்ததும், வேறு எதுவும் செய்யும் முன்பே, அடுத்த மழைக்கு அறைக்குள் வந்த நீர் வெகுவாகக் குறைந்துவிட்டது.

இரண்டாவது, பலம். வெடித்த சுவருக்கு முன்னால், அறைக்குள்ளேயே, கம்பி கட்டிய புதிய கொங்கிறீட் சுவர். பழைய சுவருக்கும் புதியதற்கும் இடையே சல்லியும் அடியில் துளைக் குழாயும். குழாய் அறையின் பக்கவாட்டில் வெளியேறிக் கானில் விழுகிறது. அறை ஒன்றரை அடி ஒடுங்கிவிட்டது. அக்கா அதற்காகக் கவலைப்பட்டார். ஆனால் ஒடுங்கிய அறையில் மனிதர் வாழலாம், வயிறு தள்ளிய சுவருக்குக் கீழே படுக்க முடியாது.

மூன்றாவதுதான் பூச்சு. பலரும் முதலில் செய்வதை நாம் கடைசியாகச் செய்தோம். உட்பக்கத்திலிருந்து பூசுவதற்கென்றே, நீரின் தள்ளுதலைத் தாங்கும் சீமெந்து வகைப் பூச்சுகள் உண்டு. உதிரும் பூச்சையெல்லாம் கொத்தி எடுத்து, வெள்ளை உப்பைத் துலக்கி, சுவரை நனைத்து, இரண்டு தடவை பூச வேண்டும். அது காய்ந்த பின், எதிரெதிரே காற்றோட்டம் கிடைக்குமாறு இரண்டு துவாரங்களையும் வைத்தோம்.

பூஞ்சணம் பிடித்த அறையில் கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் இழுப்பு வருத்தக்காரரையும் படுக்க வைக்காதீர்கள். பூஞ்சணத்தைக் காய்ந்தபடி துடைத்தால் அதன் தூள் மூச்சில் போகும். மூக்கை மூடிக்கொண்டு, சவர்க்கார நீரால் நனைத்துத் துடைத்து, நன்கு காயவிடுங்கள்.

இவற்றைக் கண்டால் வீட்டை விட்டு வெளியேறுங்கள்

எத்தனை நல்ல சுவரும் மலை நகரும்போது நிற்காது. நீர்த்தடுப்பு ஈரத்துக்குத்தான் மருந்து, மண்சரிவுக்கு அல்ல. இந்த வேறுபாட்டை ஒருபோதும் மறக்கக் கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி எமது நாட்டைத் தாக்கியபோது மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று.

சுவரிலோ நிலத்திலோ வெடிப்பு விரிதல், கதவு யன்னல் திடீரென இறுகுதல், மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல், புதிய ஊற்று தோன்றுதல், இருந்த ஊற்று திடீரென நின்றுபோதல், தெளிந்த ஊற்றில் சேற்று நீர் வருதல் - இவை மலை நகரத் தொடங்குவதன் அறிகுறிகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுறுத்தலின்படி, 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

அந்த நவம்பர் மழையில் அக்கா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அறிவித்தல் வந்ததும் பெரியம்மாவையும் மகளையும், கீழ் அறையில் வாடகைக்கு இருந்த ஆசிரியையையும் அழைத்துக்கொண்டு, அடையாள அட்டைகளும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் இருந்த பையுடன் வெளியேறிவிட்டார். "இவ்வளவு காசு செலவழிச்சுக் கட்டின சுவர்" என்று அவர் ஒரு கணமும் தயங்கவில்லை. நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது பின் சுவர் காய்ந்திருந்தது. ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். குழாயின் வாயில் நீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"முந்தி தண்ணி வந்தா உள்ளுக்குள்ளேயே இருக்கணும் மிஸ். இப்ப தண்ணிக்கும் வழி இருக்கு, எங்களுக்கும் வழி இருக்கு" என்றார் அக்கா.

இப்போது அவர் அந்த அறைக்குள் இறங்குகிறார். மாதம் ஒரு முறை குழாய் வாயில் சேர்ந்த இலைகளை அகற்றுகிறார், கானைத் துப்புரவு செய்கிறார். குழுவில் யாராவது வீட்டு வேலை தொடங்கப் போவதாகச் சொன்னால், கொப்பியையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்புபவரும் அவர்தான். வீட்டு வேலை தொடங்க எண்ணியிருக்கும் சகோதரிகளே, அத்திவாரம் வெட்டும் முன் மேட்டில் ஏறி, மழை பெய்யும் நேரத்தில் ஒரு குடையுடன் நின்று பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதைக் கண்டுகொண்டு, அதன் பிறகு மேசனை அழையுங்கள்.